ஸ்டெனோவைக் கேளுங்கள்: ஜட்ஜை யார் கேட்பது?

போன மாதம் வாய்தா பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஜட்ஜுகளைப் பற்றித்தான். அதனால் இந்த முறை அவை மட்டும். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் வக்கீலும் இல்லை, நீதிபதியும் இல்லை. கும்பகோணத்தில் ஷார்ட்ஹேண்ட் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு 1981-ல் டெல்லிக்கு ரயில் ஏறியவன். தீஸ் ஹசாரி கிரிமினல் கோர்ட்டுகளில் 31 வருஷம் நீதிபதிகளுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, அவர்கள் சொன்னதையெல்லாம் எழுதினவன். அந்த ஒரு முழத்திலிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன்.

சட்டம் கடைசி வருஷம் படிக்கிறேன். முடித்த கையோடு மாஜிஸ்திரேட் பரீட்சை எழுதலாம் என்றிருந்தேன். இப்போது மூன்று வருஷம் வக்கீலாக இருந்தால்தான் எழுத முடியும் என்கிறார்களே? என் ஹிந்தி வேறு கடைத்தெரு ஹிந்திதான்.
— ஒரு மாணவி, துவாரகா

உண்மைதான் அம்மா. 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லிவிட்டது. முன்பும் இதே விதி இருந்தது. நல்ல பிள்ளைகள் வருவதில்லை என்று 2002-ல் அதை எடுத்தார்கள். நேரே வந்தவர்கள் தடுமாறுகிறார்கள் என்று இப்போது திரும்பக் கொண்டு வந்திருக்கிறார்கள். பார் கவுன்சிலில் தற்காலிகமாகப் பதிவு செய்த நாளிலிருந்தே மூன்று வருஷம் கணக்காகும். நீதிபதியிடம் லா கிளார்க்காக இருந்தாலும் கணக்கில் சேரும்.

டெல்லியில் பரீட்சை நடத்துவது உயர் நீதிமன்றமே. தமிழ்நாட்டில் டி.என்.பி.எஸ்.சி. இங்கே முதல்நிலைத் தேர்வில் தப்பு விடைக்குக் கால் மார்க் போகும். மெயின் 850 மார்க், நேர்முகம் 150. வயது 32-க்குள். மொழித்தாளில் மொழிபெயர்ப்பும் வரும் என்பதால் கடைத்தெரு ஹிந்தியைக் கொஞ்சம் படி ஏற்றிக்கொள்ளுங்கள்.

விதி சரியா தப்பா என்று கேட்டால், எனக்கு ஒரு துண்டுச் சீட்டு ஞாபகம் வருகிறது. 2002-க்கு அப்புறம் வந்த ஒரு பெண் மாஜிஸ்திரேட், இருபத்தாறு வயது இருக்கும், ராங்க் வாங்கினவர். முதல் வாரம் ஒரு வக்கீல் எழுந்து, 'சுபுர்தாரி அர்ஜி இருக்கிறது, சம்மனைத் தஸ்தியாகவும் கொடுங்கள்' என்றார். இவர் முகம் மாறவில்லை. மேஜைக்கு அடியில் என் பக்கம் ஒரு சீட்டு வந்தது. 'சுபுர்தாரி? தஸ்தி?' என்று இரண்டே வார்த்தை. போலீஸ் பிடித்து வைத்திருக்கும் வண்டியை ஜாமீன் பத்திரம் வாங்கிக்கொண்டு உடையவரிடமே ஒப்படைப்பது முதலாவது. சம்மனைத் தபாலில் விடாமல் கட்சிக்காரர் கையிலேயே கொடுத்தனுப்புவது இரண்டாவது. டெல்லி கோர்ட்டில் முகலாயர் காலத்து வார்த்தைகள் இன்னும் ஓய்வு பெறவில்லை. நான் டைப் அடித்து நகர்த்தினேன், அவர் உத்தரவு போட்டார்.

அவர் கெட்டிக்காரர், மூன்று மாதத்தில் தேறிவிட்டார். ஆனால் அந்த மூன்று மாதமும் கோர்ட்டை நடத்தியது பக்கத்தில் நின்ற ரீடர் என்ற கோர்ட்டு குமாஸ்தாதான். யாருக்கு எந்தத் தேதி, எந்த ஃபைல் முதலில், எல்லாம் அவர் இஷ்டம். புது மாஜிஸ்திரேட் என்றால் சில ரீடர்களுக்கு வீட்டில் பாயசம்.

அதனால் மூன்று வருஷத்துக்கு நான் கட்சி. ஒரே ஒரு குறை. ஜூனியருக்கு பஸ் காசு மட்டும் தரும் சீனியர்கள் இந்த ஊரில் நிறைய. மூன்று வருஷம் வீட்டில் சோறு போட ஆள் இருக்கும் பிள்ளைகளுக்கு அது சுலபம். மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று அந்தத் தீர்ப்பைப் படித்தபோது யோசித்தேன்.

ஜட்ஜுகளை மந்திரிகள் சிபாரிசு பண்ணிப் போடுவது உண்டா?
— ரோகிணி வாசகர்

கீழ்க் கோர்ட்டில் மந்திரிக்கு வேலை கம்மி. மாநிலமானால் கவர்னரும் டெல்லியானால் துணைநிலை ஆளுநரும் கையெழுத்துப் போடுவார்கள். அந்தக் காகிதத்தைத் தயார் பண்ணுவது உயர் நீதிமன்றம். மாற்றல், பதவி உயர்வு, நடவடிக்கை எல்லாம் அரசியல் சட்டம் 235-வது பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் கையில். மாவட்ட நீதிபதி நிலையில் பாதி பேர் பதவி உயர்வில் வருகிறார்கள். கால் பங்கு, பணியில் இருப்பவர்களுக்குள் நடக்கும் போட்டித் தேர்வில். மீதிக் கால் பங்கு நேரடித் தேர்வில். நீங்கள் பேப்பரில் படிக்கும் கொலீஜியம் (நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் குழு) சண்டையெல்லாம் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் பற்றியது.

ரிமாண்ட் என்பது வெறும் கையெழுத்துதானே? போலீஸ் கேட்டால் மாஜிஸ்திரேட் போட்டுத்தானே ஆக வேண்டும்?
— ஒரு தாயார், மயூர் விஹார்

இல்லை அம்மா. போட்டுத்தான் ஆக வேண்டும் என்று எங்கும் இல்லை. போலீஸ் ஒருவரைப் பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டு வர வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. அப்படிக் கொண்டு வருவது முகத்தைப் பார்ப்பதற்காக. அடி பட்டிருக்கிறதா, ஏன் பிடித்தார்கள், வக்கீல் இருக்கிறாரா, உள்ளே வைக்க அவசியம் உண்டா என்று கேட்பதற்காக.

2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது ஏன் அவசியம் என்று போலீஸ் எழுதிக் கொடுக்க வேண்டும். மாஜிஸ்திரேட் அதைப் படித்து, தனக்கு ஏன் திருப்தி என்று தன் உத்தரவில் எழுத வேண்டும். காரணம் எழுதாமல் காவலுக்கு அனுப்பினால் அந்த மாஜிஸ்திரேட் மீதே உயர் நீதிமன்றம் துறை நடவடிக்கை எடுக்கலாம். ஜட்ஜின் பேனாவுக்கே கணக்குக் கேட்கும் தீர்ப்பு அது. நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் கழித்து வந்ததே என்று வருத்தப்பட்டேன்.

இனி என் வீட்டுக் கதை. 2016-ல் தீபாவளிக்கு மறுநாள், கார் நிறுத்தும் தகராறில் என் மைத்துனர் மகனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கோர்ட்டு லீவு. ட்யூட்டி மாஜிஸ்திரேட் அறைக்குப் போனோம். ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். எனக்குக் கடிகாரம் பார்க்கும் புத்தி, கோர்ட்டில் வந்தது. ஏழு பேருக்கும் சேர்த்துப் பதினோரு நிமிஷம். பையனின் வலது புருவத்துக்கு மேல் கிழிந்து ரத்தம் காய்ந்து கிடந்தது. மாஜிஸ்திரேட் காகிதத்தை விட்டுத் தலை தூக்கவே இல்லை. 'ஜேசி, பதினாலு நாள்' என்றார். ஜேசி என்றால் ஜுடிஷியல் கஸ்டடி, சிறைக் காவல். அவ்வளவுதான். பையன் திகாரில் ஐந்து ராத்திரி இருந்தான். ஆறாம் நாள் வழக்கமான கோர்ட்டில் இன்னொரு மாஜிஸ்திரேட் புருவத்தைப் பார்த்தார், காரணம் கேட்டார், ஜாமீன் கொடுத்தார். அந்த லீவு நாள் உத்தரவின் நகலை வாங்கிப் பார்த்தேன். நாலு வரி. பெயர், எஃப்.ஐ.ஆர். எண், 'விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது', தேதி. பரிசீலனையை நான்தான் நேரில் பார்த்தேனே.

சாத்தான்குளத்தை நாம் மறக்கவில்லை. 2020 ஜூனில் அப்பாவையும் பிள்ளையையும் ரிமாண்ட் பண்ணிக் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பினார்கள். மூன்று நாளுக்குள் இரண்டு பேரும் இறந்தார்கள். ஸ்டேஷனுக்கும் சிறைக்கும் நடுவில் ஒரு மாஜிஸ்திரேட் இருந்தார். பிறகு அதே ஸ்டேஷனுக்குள் போய் விசாரித்து, பெண் ஏட்டு ஒருவரின் வாக்குமூலத்தைப் பதிவு செய்து கொண்டு வந்தவரும் ஒரு மாஜிஸ்திரேட்தான்.

கீழ்க் கோர்ட்டு ஜட்ஜ் தப்பாகத் தீர்ப்புச் சொல்லி ஒருவன் வருஷக்கணக்கில் உள்ளே இருந்தால், அந்த ஜட்ஜுக்கு என்ன தண்டனை?
— ஓய்வு பெற்ற மத்திய அரசு ஊழியர், ஆர்.கே.புரம்

இந்தக் கேள்வியை வெவ்வேறு கையெழுத்தில் பதினான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

நமக்கெல்லாம் தெரிந்த வழக்கையே எடுத்துக்கொள்வோம். ராஜீவ் கொலை வழக்கில் பூந்தமல்லி தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) கோர்ட்டு 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்கு என்றது. ஒருவர் பாக்கி இல்லாமல். மேல்முறையீடு நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1999 மே 11 அன்று நான்கு பேருக்கு மட்டும் தூக்கு உறுதியானது, மூன்று பேருக்கு ஆயுள். மீதி 19 பேர் கொலைக் குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். சில்லறைக் குற்றங்களுக்கான தண்டனையை ஏற்கெனவே அனுபவித்துவிட்டார்கள் என்று வெளியே அனுப்பினார்கள். பத்தொன்பது பேர் ஒன்றேகால் வருஷம் தூக்கு மேடையை நினைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார்கள்.

அதற்காக விசாரணை நீதிபதியைத் தண்டிக்க முடியுமா? முடியாது. நீதிபதி தன் வேலையாகச் செய்ததற்கு அவர் மேல் சிவில் வழக்கும் கிடையாது, கிரிமினல் வழக்கும் கிடையாது. 1850-ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டமும் 1985-ல் நாமே போட்ட சட்டமும் அவரைக் காக்கின்றன. லஞ்சத்துக்காகவோ கெட்ட எண்ணத்தோடோ, சட்டத்துக்கு விரோதம் என்று தெரிந்தே தீர்ப்பு எழுதினால் கதை வேறு. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா 257-வது பிரிவில் ஏழு வருஷம் வரை உண்டு. ஆனால் 'தெரிந்தே' என்பதை நிரூபிக்க வேண்டும். மனசுக்குள் இருப்பதை எந்த ஸ்டெனோவும் எழுதி வைப்பதில்லை.

வெறும் தப்பான உத்தரவு என்பதற்காக ஜட்ஜ் மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பீகாரில் ஒரு மாவட்ட நிலை நீதிபதி மேல், அவர் கொடுத்த ஜாமீனைக் காட்டி உயர் நீதிமன்றமே நடவடிக்கை எடுத்தது. 2019-ல் அதை ரத்து செய்தார்கள். தப்பு வேறு, நடத்தைக் கேடு வேறு.

உங்களுக்குக் கோபம் வரும். எனக்கும் வருஷக்கணக்கில் வந்தது. ஆனால் என் நோட்டுப் புத்தகங்களைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. ஜாமீன் மறுக்கும் உத்தரவு எனக்குப் பெரும்பாலும் அரைப் பக்கம். 'குற்றத்தின் தன்மையைக் கருதி' என்று ஆரம்பித்தால் கை தானாக முடித்துவிடும், டிக்டேஷனே வேண்டாம். ஜாமீன் கொடுக்கும் உத்தரவு மூன்று பக்கம், நான்கு பக்கம் போகும். கொடுத்தவரைத்தான் மேலே கேட்பார்கள், மறுத்தவரை யாரும் கேட்பதில்லை. 'மேலே போய் வாங்கிக்கொள்ளட்டுமே' என்று மைக்கை மூடிக்கொண்டு சொன்ன நல்ல மனிதர்களையே பார்த்திருக்கிறேன். தப்புக்குத் தண்டனை என்று ஆரம்பித்தால் அந்த அரைப் பக்கம்தான் பெருகும். ஏன் என்று எழுதாததற்குத் தண்டனை என்றால் என் ஓட்டு உண்டு.

ஜூரி இருந்தால் இந்தத் தொல்லை இருக்காதல்லவா?
— லோதி காலனி வாசகர்

இருந்ததே! மனைவியின் காதலனைச் சுட்ட கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கில் பம்பாய் ஜூரி, அதாவது பொதுமக்களில் ஒன்பது பேர் கொண்ட குழு, 8-க்கு 1 என்று குற்றமில்லை என்றது. செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கே ஆயுள் தண்டனை, 1961-ல் உச்ச நீதிமன்றத்திலும் அதுவே. 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஜூரிக்கு விடை கொடுத்துவிட்டது. ஜூரி காரணம் எழுத வேண்டியதில்லை. எனக்கு அதிலேயே பிடிக்காமல் போய்விட்டது.

மாஜிஸ்திரேட்டுகளைப் பார்த்துப் போலீஸுக்கு நிஜமாகவே பயம் உண்டா?
— கரோல் பாக் வாசகர்

குஜராத்தில் நடியாத் என்று ஓர் ஊர். அங்கிருந்த தலைமை மாஜிஸ்திரேட், போலீஸ் சம்மன் கொடுப்பதில்லை, ஒத்துழைப்பதில்லை என்று மேலே எழுதிப் போட்டார். 1989 செப்டம்பரில் இன்ஸ்பெக்டர் அவரை ஸ்டேஷனுக்கு வரவழைத்து, வாயில் சாராயத்தை ஊற்றி, விலங்கு போட்டு, கயிற்றால் கட்டி, ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். போட்டோவும் எடுத்தார்கள்.

செய்தி வந்த நாள் எங்கள் வளாகத்தில் யாருக்கும் வேலை ஓடவில்லை. மாஜிஸ்திரேட்டுகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு டீ குடித்தார்கள். எங்கள் டெல்லி நீதித்துறை அதிகாரிகள் சங்கமே உச்ச நீதிமன்றம் போனது. அந்தத் தீர்ப்பின் தலைப்பில் இன்றைக்கும் 'தீஸ் ஹசாரி கோர்ட்' என்று இருக்கும். எனக்கு அதில் ஓர் அற்பப் பெருமை. 1991-ல் இன்ஸ்பெக்டருக்கு ஆறு மாதம் சிறை. இனி ஒரு நீதிபதியைக் கைது செய்வதானால் மாவட்ட நீதிபதிக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ சொல்லிவிட்டுத்தான், விலங்கு கூடாது என்றெல்லாம் விதி வந்தது. ஆக, பயம் உண்டா என்றால், ஊரைப் பொறுத்தது.

மாவட்ட ஜட்ஜ் மேல் புகார் கொடுப்பது எப்படி? கொடுத்தால் நம்மையே உள்ளே போட்டுவிட மாட்டார்களா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர், ஜனக்புரி

தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் மேல்முறையீடு, அதற்குப் புகார் இல்லை. நடத்தை சரியில்லை என்றால் உயர் நீதிமன்றத்தின் விஜிலன்ஸ் பிரிவுக்கு எழுதலாம். பெயர், விலாசம், சத்தியப் பிரமாணப் பத்திரம், சரிபார்க்கக்கூடிய ஆதாரம் எல்லாம் வேண்டும். மொட்டைக் கடுதாசி குப்பைக்குத்தான் போகும். தோற்ற கட்சிக்காரன் ஒவ்வொருவனும் மொட்டைக் கடுதாசி போடுவான் என்பதால் அதில் நியாயமும் இருக்கிறது. கோர்ட்டில் நின்று கத்தாதீர்கள். உள்ளே போடும் வழி அதுதான்.

வெளியே தெரியாத கணக்கும் ஒன்று உண்டு. வருஷா வருஷம் ஒவ்வொரு ஜட்ஜுக்கும் ரகசிய மதிப்பீடு எழுதப்படுகிறது. எத்தனை வழக்கு முடித்தார் என்று யூனிட் கணக்கு. மாதக் கடைசியில் யூனிட் குறைந்தால் சின்னச் சின்ன வழக்குகள் சரசரவென்று முடியும். பத்து வருஷத்துக் கொலை வழக்கு அப்படியே கிடக்கும். சரியில்லாதவர்களை அறுபது வயதுக்கு முன்பே கட்டாய ஓய்வில் அனுப்பவும் வழி உண்டு. அனுப்பியும் இருக்கிறார்கள்.

நான் புருவக் கதையில் புகார் கொடுத்தேனா என்று கேட்பீர்கள். கொடுக்கவில்லை. டைப் அடித்து, இரண்டு நகல் எடுத்து, பிரமாணப் பத்திரத்துக்கு முத்திரைத் தாளும் வாங்கினேன். பையனின் வழக்கு அதே வளாகத்தில் நடக்கப் போகிறது, வேண்டாம் என்றார் மைத்துனர். முத்திரைத் தாள் இன்னும் அலமாரியில் இருக்கிறது.

உயர் நீதிமன்ற நீதிபதியை யாரும் எதுவும் செய்ய முடியாதா?
— சரோஜினி நகர் வாசகர்

இந்த விஷயத்தில் நம்மவர்கள்தான் முன்னோடிகள், என்ன சொல்ல! சென்னைத் தலைமை நீதிபதியாக இருந்த வீராசாமியின் வழக்கில்தான், ஊழல் தடுப்புச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று 1991-ல் தீர்ப்பானது. இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்துகொள்ளாமல் வழக்குப் பதியக் கூடாது என்றும் அதிலேயே சொன்னார்கள். அவர் மருமகனும் உச்ச நீதிமன்ற நீதிபதியுமான வி.ராமசாமி மேல் 1993 மே மாதம் மக்களவையில் பதவி நீக்கத் தீர்மானம் வந்தது. ஆதரவு 196, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை, ஆனால் 205 பேர் ஓட்டே போடவில்லை. மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவு இல்லாததால் தீர்மானம் விழுந்தது. எங்கள் கேன்டீன் ரேடியோவைச் சுற்றி நின்ற வக்கீல்களுக்கு அந்தக் கணக்கு புரியவே அரை மணி ஆனது. 2017-ல் நீதிபதி கர்ணனுக்கு அவமதிப்பு வழக்கில் ஏழு நீதிபதிகள் சேர்ந்து ஆறு மாதம் கொடுத்தார்கள். பதவியில் இருக்கும் உயர் நீதிமன்ற நீதிபதிக்குச் சிறை என்பது அதுவே முதல் தடவை.

தூக்குத் தண்டனை எழுதியதும் ஜட்ஜ் பேனா முனையை உடைப்பாராமே? நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?
— பள்ளி மாணவன், முனீர்கா

அப்படி ஒரு சட்டம் கிடையாது தம்பி, வழக்கம்தான். நான் மூன்று தூக்குத் தீர்ப்புகளுக்கு டிக்டேஷன் எடுத்தேன். ஒருவர் மை பேனாவின் முனையை மேஜையில் அழுத்தி வளைத்தார். இன்னொருவரிடம் இருந்தது ரெனால்ட்ஸ், அதை என்ன உடைப்பது? பைக்குள் செருகிக்கொண்டார்.

மூன்றாவதுதான் மறக்கவில்லை. ஏன் ஆயுள் போதாது என்று தனியாகக் காரணம் எழுத வேண்டும், அது சட்டம். அந்த நீதிபதி அந்தக் காரணத்துக்கு மட்டும் இரண்டு சாயங்காலம் எடுத்துக்கொண்டார். அறையில் நாங்கள் இரண்டு பேர். சொல்வார், அடிக்கச் சொல்வார், முதலிலிருந்து படிக்கச் சொல்வார். கடைசி வரி வந்தது. கழுத்தில் கயிறிட்டு உயிர் போகும்வரை தூக்கிலிடப்பட வேண்டும், உயர் நீதிமன்றம் உறுதி செய்தால் மட்டும். 'படியுங்கள்' என்றார். எனக்குக் குரல் எழவில்லை. என் நோட்டை வாங்கிப் பார்த்தார். பிட்மன் ஷார்ட்ஹேண்ட் கோடுகள், அவருக்கு ஒன்றும் புரியாது. திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி 'படியுங்கள்' என்றார். படித்தேன்.

மறுநாள் கோர்ட்டில் அந்த வரியை வாசித்த பிறகு, மேல்முறையீட்டுக்கு உனக்கு முப்பது நாள் இருக்கிறது, தீர்ப்பின் நகல் இலவசம் என்று குற்றவாளியிடம் ஹிந்தியில் சொன்னார். அதுவும் சட்டப்படி சொல்ல வேண்டியது. அவனுக்கு விளங்கவில்லை. இன்னொரு தடவை சொன்னார். நகலில் நான் இரண்டாம் பக்கத்தில் ஒரு எழுத்துப் பிழை விட்டிருந்தேன். அதை அவர் கையால் திருத்தி, ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்து, அப்புறம்தான் அவனிடம் கொடுக்கச் சொன்னார்.